இயற்பியல் விதிகளும் சுயவிருப்பமும்: ஒரு வாதத்தை எடைபோடும் முறை

பிரபஞ்சத்தில் நடப்பவை எல்லாம் இயற்பியல் விதிகளின்படியே நடக்கின்றன என்றால், மனிதர் எடுக்கும் முடிவுகள் உண்மையில் அவர்களுடையவைதாமா என்னும் கேள்வி, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே "உண்டு", "இல்லை" என்று கட்சி பிரிந்துவிடுவதில் முடிகிறது. 1814-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் நிகழ்தகவைப் பற்றிய தமது கட்டுரையில், ஒரு கணத்தில் இயற்கையில் செயற்படும் எல்லா விசைகளையும் எல்லாப் பொருள்களின் நிலைகளையும் அறிந்து, அவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கவும் வல்ல ஓர் அறிவுக்கு, எதிர்காலமும் இறந்தகாலத்தைப் போலவே கண்முன் விரிந்து நிற்கும் என்று எழுதினார். அதைப் படித்ததும் ஏற்படும் திணறலையே பலர் வாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திணறலுக்குள் நான்கைந்து வெவ்வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சான்றோடு எடைபோடும் வரிசையை இங்கே தருகிறேன். பள்ளி அளவில் இயற்பியல் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாகச் "சுயவிருப்பம்" என்று பேசத் தொடங்காமல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முடிவை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காப்பியா தேநீரா என்பது போன்ற முடிவு உதவாது. இரவு முழுக்க யோசிக்க வைத்த ஒன்றாக இருக்க வேண்டும். உறவினர் ஒருவர் தமது வங்கிக் கடனுக்கு உங்களை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருமானம், முன்பு அவர் செய்த உதவி, வீட்டில் எழப்போகும் பேச்சு, கடன் நின்றுபோனால் உங்கள் தலையில் விழும் தொகை ஆகியவற்றையெல்லாம் யோசித்து, மறுநாள் காலையில் மறுத்துவிடுகிறீர்கள். இனிவரும் ஒவ்வொரு வாதத்தையும் இந்த மறுப்பின்மீது வைத்துப் பாருங்கள். விரலை அசைப்பதற்கு மட்டும் பொருந்தி, இதற்குப் பொருந்தாத வாதத்தைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

எந்தச் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

மூன்று பொருள்களைப் பிரித்துக்கொள்வது அவசியம். யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், மிரட்டாமல், விரும்பியதைச் செய்ய முடிவது முதல் பொருள். இது இருக்கிறதா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிறையும் மிரட்டலும் இதற்கு எதிரிகளே ஒழிய இயற்பியல் எதிரியன்று.

இரண்டாவது பொருள் சற்று ஆழமானது. காரணங்களை அறிந்து, அவற்றை எடைபோட்டு, காரணம் மாறினால் முடிவையும் மாற்றிக்கொள்ளும் திறனை அது குறிக்கிறது. உறவினர் தமது நிலப் பத்திரத்தை ஈடாக வைத்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஆம்" என்பது உண்மையான விடையென்றால், அந்தத் திறன் உங்களிடம் இருக்கிறது.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். அதுவரை நடந்த அனைத்தும், மூளையின் கடைசி அணு வரை, அப்படியே இருந்தும், அதே கணத்தில் வேறுவிதமாக முடிவெடுத்திருக்க முடியுமா? அந்த முடிவுக்கு, உங்களுக்கு முன்னிருந்த எதையும் சாராத முதல் ஊற்று நீங்களாக இருக்க முடியுமா? விவாதங்களில் ஒருவர் இரண்டாவது பொருளில் "உண்டு" என்பார், மற்றவர் மூன்றாவது பொருளில் "இல்லை" என்பார். இருவரும் சரியாகச் சொல்லியும் சண்டை தீராது. ஆகவே எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் பேசுகிறார் என்று கேட்டறிந்த பிறகே பதில் சொல்லத் தொடங்குங்கள்.

இயற்பியல் உண்மையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

நியூட்டனின் இயக்கவியலைக் கொண்டு லாப்லாஸ் வரைந்த சித்திரம் நியதிவாதம் எனப்படும்: ஒரு கணத்தின் நிலையும் விதிகளும் சேர்ந்து அடுத்த கணத்தை ஒரே வழியில் தீர்மானிக்கின்றன. இதை "முன்கூட்டியே கணித்துச் சொல்ல முடியும்" என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எட்வர்டு லோரன்ஸ் 1963-இல் வானிலையின் எளிமையான மாதிரி ஒன்றைக் கொண்டு காட்டியபடி, முற்றிலும் நியதிக்கு உட்பட்ட சமன்பாடுகளிலும் தொடக்கநிலையின் மிகச் சிறு வேறுபாடு விரைவில் பெருகி, நெடுங்காலக் கணிப்பை இயலாததாக்கிவிடும். எனவே "மனிதரைக் கணிக்க முடியாது, ஆகவே சுயவிருப்பம் உண்டு" என்ற வாதத்தைத் தயங்காமல் ஒதுக்கலாம். அடுத்த மாத மழையைக்கூடத்தான் கணிக்க முடிவதில்லை. மழைக்குச் சுயவிருப்பம் உண்டென்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து வருவது குவாண்டம் இயற்பியல். 1926-இல் மாக்ஸ் போர்ன் முன்வைத்த விளக்கத்தின்படி, அந்தக் கோட்பாடு தனி நிகழ்ச்சிகளுக்கு நிகழ்தகவுகளை மட்டுமே தருகிறது. ஒரு கதிரியக்க அணு எந்த நொடியில் சிதையும் என்று அது சொல்வதில்லை. இத்துடன் நியதிவாதம் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் சற்று அவசரப்படுகிறார்கள். ஜான் பெல் 1964-இல் வகுத்த தேற்றமும், அதைச் சோதித்த ஆய்வுகளும் (அவற்றுக்காக அலென் அஸ்பே, ஜான் கிளவுசர், அன்டன் சைலிங்கர் ஆகியோருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது) ஒருவகை மறைகாரணிக் கொள்கைகளுக்கு (நமக்குத் தெரியாத காரணிகள் அருகிலிருந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பவற்றுக்கு) கதவடைத்தன. ஆனால் டேவிட் போம் 1952-இல் தந்த கோட்பாடு முழுக்க நியதிக்கு உட்பட்டது. தொலைவிலுள்ளவை ஒன்றையொன்று உடனடியாகப் பாதிக்கும் என்று ஏற்றுக்கொள்வதால் அது அந்தச் சோதனைகளைத் தாண்டி நிற்கிறது. ஹியூ எவரெட் 1957-இல் தந்த பல உலக விளக்கமும் நியதிக்கு உட்பட்டதுதான். ஆகவே அடித்தளத்தில் உலகம் நியதியா தற்செயலா என்பது திறந்த கேள்வி. அது மூடும்வரை காத்திருந்துதான் நம் கேள்விக்கு விடை காண வேண்டும் என்பதும் இல்லை.

ஏனென்றால், தற்செயல் உதவிக்கு வருவதில்லை. ஜாமீன் கையெழுத்தை நீங்கள் மறுத்ததற்குக் காரணம், உங்கள் மூளையில் ஓர் எலெக்ட்ரான் தற்செயலாக இடப்புறம் திரும்பியதுதான் என்று வையுங்கள். அந்த முடிவு இப்போது முன்பைவிட உங்களுடையதாகிவிட்டதா? குறைந்துதான் போயிற்று. போதாக்குறைக்கு, மாக்ஸ் டெக்மார்க் 2000-இல் செய்த கணக்கின்படி, மூளையின் வெப்பச் சூழலில் நுண்ணிய குவாண்டம் மேற்பொருந்தல் நிலைகள் (ஒரு துகள் ஒரே நேரத்தில் பல நிலைகளின் கலவையாக இருப்பது) ஒரு நொடியின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்திலோ அதற்கும் குறைவாகவோ சிதைந்துவிடுகின்றன. நரம்பணுக்களின் செயல்பாடோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையிலான கால அளவில் நடப்பது. "குவாண்டம்" என்ற சொல்லை முன்வைத்து யாராவது சுயவிருப்பத்தைக் காப்பாற்ற வந்தால், அந்தத் தற்செயல் எப்படிக் *காரணத்தோடு கூடிய* முடிவாகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் இதுவரை நிறைவான பதிலைப் படித்ததில்லை.

ஊழையும் நியதியையும் பிரித்துவையுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தமிழ் வாசகருக்கு இது கூடுதலாக முக்கியம், ஏனென்றால் ஊழைப் பற்றிய நெடிய சிந்தனை நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது, இயற்பியல் சொல்வதை அதன் மேலேயே வைத்துப் படித்துவிடுகிறோம்.

"ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்" என்கிறது குறள். ஊழை விலக்க வேறொரு வழியை ஆராய்ந்து செய்தாலும், ஊழ் முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்பது பொருள். இதன் கட்டமைப்பைக் கவனியுங்கள்: ஒருபுறம் உங்கள் சூழ்ச்சி, மறுபுறம் முடிவு, இரண்டுக்கும் இடையிலான தொடர்பை ஊழ் அறுத்துவிடுகிறது. நீங்கள் எதை யோசித்தாலும் நடப்பது ஒன்றே. பண்டைய இந்தியத் துறவு மரபினரான ஆசீவகரின் கொள்கையும், பெயர் "நியதி" என்றாலும், இத்தகைய ஊழ்வாதமே. அவர்களின் தலைவர் மற்கலி கோசாலரின் கருத்தாகப் பௌத்தர்களின் தீக நிகாயம் எடுத்துரைப்பது, எறியப்பட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை உருண்டு ஓய்வதைப் போல, அறிவுடையோரும் அறிவிலாரும் தத்தம் பிறவிச் சுற்றை முடித்தே துன்பத்துக்கு முடிவு காண்பார்கள், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பதாகும். இது எதிர்த்தரப்பார் எழுதிவைத்த சித்திரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மணிமேகலையிலும் நீலகேசியிலும் நமக்குக் கிடைக்கும் ஆசீவகச் சித்திரம்கூட, பௌத்தரும் சமணரும் காட்டியதே.

இயற்பியலின் நியதிவாதம் இதைச் சொல்லவில்லை. "சூழினும் தான் முந்துறும்" என்பதற்கு அங்கே இடமேயில்லை, ஏனென்றால் சூழ்தலும் அந்தக் காரணச் சங்கிலியின் ஒரு கண்ணி. நீங்கள் இரவு முழுக்க யோசித்ததால்தான் மறுத்தீர்கள். யோசிக்காமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். யோசித்தது காரணங்களால் விளைந்ததுதான், ஆனாலும் அதை நீக்கிவிட்டால் முடிவு மாறிவிடும். பழைய கிரேக்கத்தில் கிறிசிப்பஸ் என்னும் ஸ்டோயிக் அறிஞர் இதே குழப்பத்தை எதிர்கொண்டார். "பிழைப்பாய் என்று விதித்திருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் பிழைப்பாய், ஆகவே அழைப்பது வீண்" என்ற வாதத்துக்குச் சோம்பல் வாதம் என்று பெயர். பிழைப்பதும் மருத்துவரை அழைப்பதும் சேர்த்தே விதிக்கப்பட்டவையாக இருக்கலாமே என்பது அவர் தந்த விடை. குறளிலும் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்கு வந்தால், "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்று முயற்சிக்குப் பலம் தரப்படுகிறது. இரண்டு குறளையும் எப்படி இணைப்பது என்பது உரையாசிரியர்களின் பாடு. நம் காரியத்துக்குத் தேவையானது, முயற்சியை வீணாக்குவது ஊழ்வாதமே அன்றி நியதிவாதம் அன்று என்பது.

ஆகவே ஒரு சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன் வைக்கப்படும் வாதத்தில், "நீ யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும்" என்ற தொடர் வெளிப்படையாகவோ மறைவாகவோ இருக்கிறதா? இருந்தால் அது ஊழ்வாதம்; இயற்பியலை அதற்குச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

வலிமையான எதிர்வாதத்தைச் சந்தியுங்கள்

தத்துவ அறிஞர் பீட்டர் வான் இன்வேகன் 1983-இல் விரித்துரைத்த விளைவு வாதம் ஊழ்வாதம் அன்று. அதனால்தான் அது கடினமானது. அது இப்படிச் செல்கிறது: நான் பிறப்பதற்கு முந்தைய உலகநிலை என் கையில் இல்லை. இயற்கை விதிகளும் என் கையில் இல்லை. நியதிவாதம் உண்மையானால், என் இன்றைய முடிவு அவ்விரண்டின் தர்க்கபூர்வமான விளைவு. என் கையில் இல்லாதவற்றின் விளைவும் என் கையில் இல்லை.

இதற்கான விடைகளில் நான் மதிப்பது டேவிட் லூயிஸ் 1981-இல் தந்தது. விதியை மீறும் ஆற்றல் வேறு. நான் வேறுவிதமாகச் செய்திருந்தால் விதிகளோ கடந்தகாலமோ சிறிது வேறுபட்டிருக்கும் என்று சொல்லத்தக்க ஒரு செயலைச் செய்யும் ஆற்றல் வேறு. முதலாவது யாருக்கும் இல்லை. இரண்டாவது நமக்கு உண்டு என்று சொல்வதில் முரண்பாடு இல்லை, ஏனென்றால் "முடியும்" என்று நாம் அன்றாடம் சொல்லும்போது, அதே சூழலை ஒத்த பிற சூழல்களில் என்ன நடக்கும் என்பதையே குறிப்பிடுகிறோம். அணுவுக்கு அணு அதே சூழலை அன்று. நீச்சல் தெரிந்தவர் கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் நீந்த முடிந்தவரே.

இந்த விடை இரண்டாவது பொருளிலான சுதந்திரத்தைக் காப்பாற்றுகிறது. மூன்றாவதை இது காப்பாற்றுவதாக நான் நினைக்கவில்லை. கேலன் ஸ்ட்ராசன் 1994-இல் கூர்மையாக எழுதியபடி, நீங்கள் செய்வது நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதிலிருந்து வருகிறது. எப்படிப்பட்டவர் என்பதற்கு நீங்களே முழுப் பொறுப்பாக வேண்டுமானால், அதற்கு முன்பே ஒரு "நீங்கள்" இருந்து அதைத் தேர்ந்திருக்க வேண்டும். அது முடிவில்லாமல் பின்னோக்கிப் போகும். இந்த வாதத்துக்கு நியதிவாதம்கூடத் தேவையில்லை. மூன்றாவது பொருளிலான சுதந்திரத்தை இயற்பியல் பறிக்கவில்லை. எந்த உலகத்திலும் அது அமைந்திருக்க வாய்ப்பில்லை. தத்துவப் பேராசிரியர்களிடையே 2020-இல் நடத்தப்பட்ட பில்பேப்பர்ஸ் கருத்தாய்வில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் நியதியும் சுயவிருப்பமும் இணங்கும் என்ற பக்கம் சாய்ந்தனர். எண்ணிக்கை சான்றாகாது, ஆனால் "அறிவியல் படித்தவர் யாரும் சுயவிருப்பத்தை நம்புவதில்லை" என்று அடித்துப் பேசுபவரிடம் எடுத்துக்காட்ட உதவும்.

"மூளை முன்பே முடிவெடுத்துவிட்டது" என்ற செய்தியைப் படிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி ஒரு தலைப்பு வரும். அதன் வேர் பெரும்பாலும் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கும், ஆகவே அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2.56 நொடிக்கு ஒருமுறை வட்டமிடும் ஒளிப்புள்ளியைப் பார்த்தபடி, தோன்றும்போது கையை அசைக்கவும், அசைக்க வேண்டும் என்ற உந்துதல் முதலில் எழுந்தபோது புள்ளி எங்கிருந்தது என்று சொல்லவும் பங்கேற்பாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தலையில் பொருத்திய மின்முனைகள் காட்டிய ஆயத்த மின்னழுத்தம் (அசைவுக்கு முன் மூளையில் மெல்ல ஏறும் மின்செயல்பாடு) அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிநொடிகளுக்கு முன்பே தொடங்கியது. உந்துதலை உணர்ந்ததாக அவர்கள் சொன்ன நேரமோ ஏறத்தாழ 200 மில்லிநொடிகளுக்கு முன்புதான். இந்த மின்னழுத்தத்தை ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டேக்கேயும் 1965-இலேயே அறிவித்திருந்தார்கள். அதன் அருகில் உணர்வின் நேரத்தையும் வைத்துப் பார்த்ததே லிபெட் செய்த புதுமை. உந்துதல் எழுந்த பின்னும் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உணர்வுக்கு உண்டு என்று அவரே கருதினார் என்பதைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடும்.

இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பங்கேற்பாளர் எடுத்த முடிவு எத்தகையது என்பது. எந்தக் காரணமும் இல்லாமல் கையை அசைப்பதுதான் இங்கே பணி. காரணங்களை எடைபோடும் திறன் இதில் வேலையே செய்யவில்லை. 2019-இல் ஊரி மாவோஸும் உடனாய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் போய்ச் சேர்வதைத் தீர்மானிக்கும் தேர்வுகளை, விளைவு எதுவும் மாறாத தேர்வுகளோடு ஒப்பிட்டனர். விளைவற்ற தேர்வுகளுக்கு முன் ஆயத்த மின்னழுத்தம் தென்பட்டது. விளைவுள்ள தேர்வுகளுக்கு முன் அது காணப்படவில்லை. உங்கள் ஜாமீன் மறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு, அளவீட்டின் பொருளைக் கேளுங்கள். ஒரே ஓர் அசைவின் மின்பதிவில் அந்த அழுத்தத்தைத் தெளிவாகப் பார்க்க இயலாது. லிபெட் 40 அசைவுகளின் பதிவுகளை, அசைவு நிகழ்ந்த கணத்தில் ஒன்றாக நிறுத்திச் சராசரி எடுத்தார். மூளையின் மின்செயல்பாடு எப்போதும் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கிறது. செய்யச் சொல்லி அவசரப்படுத்தும் காரணம் எதுவும் இல்லாதபோது, அந்த ஏற்றம் ஒன்று ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது என்று வைத்தால், அசைவில் முடிந்த பதிவுகளை மட்டும் பொறுக்கிச் சராசரி எடுக்கும்போது, மெல்ல ஏறும் கோடு தானாகவே தோன்றிவிடும். ஆரோன் ஷூர்கரும் உடனாய்வாளர்களும் 2012-இல் முன்வைத்த இந்த மாதிரியின்படி, 550 மில்லிநொடிக்கு முன்பு "முடிவு" எதுவும் எடுக்கப்படவில்லை. 2008-இல் ஜான்-டிலன் ஹெய்ன்ஸின் குழு, இடப்பொத்தானா வலப்பொத்தானா என்பதைப் பல நொடிகளுக்கு முன்பே மூளைப் படத்திலிருந்து கணித்ததாக வெளியான செய்திக்கும் இதே கேள்வி பொருந்தும்: கணிப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு சரியாக இருந்தது, நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

இந்த ஆய்வுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நாம் உணரும் "இப்போது முடிவெடுத்தேன்" என்ற கணம் நம்பகமான சாட்சி அன்று என்பதை அவை வலுவாகக் காட்டுகின்றன. ஆனால் உணர்வுக்கு முன் மூளையில் ஏதோ நடக்கிறது என்பது, மூளையால்தான் யோசிக்கிறோம் என்று ஏற்றுக்கொண்டவருக்கு அதிர்ச்சி தர வேண்டிய செய்தியன்று.

திறன் குறைந்த நிலைகளோடு ஒப்பிடுங்கள்

காரணங்களுக்கு ஏற்ப நடக்கும் திறன் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. அது கூடும், குறையும், நோயால் அழியும். 2003-இல் மருத்துவ இதழில் வெளியான ஒரு வழக்கில், அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த 40 வயது ஆசிரியர் ஒருவரிடம் முன்பு இல்லாத வகையில் குழந்தைகள் மீதான பாலியல் நாட்டம் வெளிப்பட்டது. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் பெரிய கட்டி இருப்பது தெரியவந்தது. கட்டியை அகற்றியதும் நடத்தை சீரானது. பின்னர் அது திரும்பியபோது கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. தாம் செய்வது தவறு என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அறிவு இருந்தது, அறிந்தபடி தம்மை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் இல்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும், மனநலக் குறைவால் செயலின் தன்மையையோ அது தவறானது, சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவரின் செயல் குற்றமாகாது என்கின்றன. அறியும் திறனை மட்டுமே அவை கேட்கின்றன. நிறுத்தும் திறனை வெளிப்படையாகக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் 1843-இல் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகளிலிருந்து வந்த குறை இது. அந்த ஆசிரியரைப் போன்ற ஒருவர் இந்தச் சொற்களுக்குள் அடங்கமாட்டார். கவனிக்க வேண்டியது, சட்டம் எந்த இடத்திலும் "உலகம் நியதிக்கு உட்பட்டதா?" என்று கேட்பதில்லை, கட்டி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே இயற்பியலுக்கு உட்பட்டவர்களே, வேறுபாடு திறனில்தான் இருக்கிறது.

விடையை எதற்குப் பயன்படுத்தலாம்

இவ்வளவையும் கடந்து வந்தால், உங்கள் தாளில் இப்படி ஒரு விடை நிற்கும்: காரணங்களை எடைபோட்டு முடிவெடுக்கும் திறன் என்ற பொருளில் சுயவிருப்பம் உண்டு, அது ஆளுக்கு ஆள் அளவில் வேறுபடும், முதல் ஊற்று என்ற பொருளில் இல்லை. இதனால் பழிவாங்கும் நோக்கத்திலான தண்டனைக்கு ஆதாரம் தளர்கிறது. ஒருவர் துன்பப்படுவதே நியாயம் என்று சொல்ல, அவர் தம்மைத் தாமே முழுமையாகப் படைத்துக்கொண்டவராக இருக்க வேண்டும். பிறரைக் காப்பது, திருத்துவது, இழப்பை ஈடுசெய்ய வைப்பது போன்ற நோக்கங்களுக்கு அந்த நிபந்தனை தேவையில்லை.

சுயவிருப்பத்தில் நம்பிக்கை இழந்தால் மக்கள் ஒழுக்கம் தவறுவார்கள் என்ற அச்சத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுயவிருப்பம் இல்லை என்று சொல்லும் பகுதியைப் படித்தவர்கள் அதிகம் ஏமாற்றினார்கள் என்று 2008-இல் வோஸும் ஸ்கூலரும் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்து 2015-இல் வெளியான பெருந்திட்டத்தில் அதன் முதல் சோதனை மீண்டும் அதே முடிவைத் தரவில்லை.